முகத்தை ஒரு முறை கழுவுவதா, இரண்டு முறை கழுவுவதா?



"முகத்தை ரெண்டு தடவை கழுவணுமாமே! முதல்ல எண்ணெய் போட்டுத் துடைக்கணுமாம், அப்புறம் சவுக்காரம் போடணுமாம். நம்ம ஊரு வெக்கைக்கு அது சரிப்படுமா?" தோட்டத்துச் சகோதரிகள் பலர் இப்படிக் கேட்கிறார்கள். பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்துவிட்டு வந்து சொல்கிறார்கள். பசார் மாலாமில் அதற்கென்றே இரண்டு புட்டிகளைச் சேர்த்து விற்கிறார்கள். வாங்கினால் பணம் போகிறது. வாங்காவிட்டால் எதையோ இழந்துவிட்டோமோ என்று மனம் அடித்துக்கொள்கிறது.

சுருக்கமான பதில் இதுதான்: முகத்தில் என்ன ஒட்டியிருக்கிறதோ, அதைப் பார்த்துத்தான் கழுவ வேண்டும். வியர்வைக்கு ஒரு விதம், எண்ணெய்ப் பசைக்கு ஒரு விதம், களைக்கொல்லி மருந்துக்கு முற்றிலும் வேறு விதம். இந்த மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் தொல்லை வருகிறது.

வியர்வைக்கு ஒரு முறை போதும்

நம் நாட்டில் பகல் வெப்பம் 32, 33 டிகிரி செல்சியஸுக்குப் போகிறது. காற்றிலும் ஈரம் அதிகம். அதனால் வியர்வை சீக்கிரம் காயாமல் முகத்திலேயே வழிந்து நிற்கிறது. வியர்வை பெரும்பாலும் தண்ணீர். அதில் கொஞ்சம் உப்பு. தண்ணீரில் கரைவதைத் தண்ணீரே எடுத்துவிடும். காலையில் எழுந்ததும், மதியம் வேலை முடிந்ததும் வெறும் வியர்வையும் தூசியும் இருந்தால், சுத்தமான தண்ணீரோடு கொஞ்சம் மிருதுவான சவுக்காரம் போதும். இரண்டாவது முறை தேவையே இல்லை.

"நல்லா நுரை வரத் தேச்சாத்தான் மூஞ்சி சுத்தமான மாதிரி இருக்கு" என்பார்கள். அங்கேதான் தவறு. நம் தோலின் மேற்பரப்பு இயற்கையிலேயே சற்றுப் புளிப்புத் தன்மை கொண்டது. கட்டிச் சவுக்காரம் காரத் தன்மை கொண்டது. துணி துவைக்கும் சவுக்காரம் இன்னும் கடுமை. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை தேய்த்தால் தோலைக் காக்கும் எண்ணெய்ப் படலம் போய்விடும். முகம் இழுக்கும், எரியும், தோல் உரியும். கழுவியதும் முகம் 'இறுக்கமாக' இருப்பது சுத்தத்தின் அடையாளம் அல்ல. தோல் காய்ந்துவிட்டது என்பதற்கான எச்சரிக்கை அது.

எண்ணெய்ப் பசைக்கு எண்ணெய்தான்

அப்படியானால் இரண்டு முறை கழுவுவது யாருக்கு? முகத்தில் தண்ணீருக்கு அசையாத பசையைப் பூசியவர்களுக்கு. வெயிலுக்குப் பூசும் சன்ஸ்கிரீன், கல்யாணத்துக்குப் பூசும் மேக்கப், கண் மை, உதட்டுச் சாயம் போன்றவை எல்லாம் வியர்வையில் கரைந்துவிடாதபடி தயாரிக்கப்பட்டவை. வியர்வைக்கே போகாதது வெறும் தண்ணீருக்குப் போகுமா? எண்ணெய்ப் பசையை எண்ணெய் இளக்கும். இளகியதை அடுத்து வரும் சவுக்காரமும் தண்ணீரும் கழுவி எடுக்கும். இரட்டைக் கழுவலின் தத்துவம் இவ்வளவுதான்.

இது ஜப்பானிலும் கொரியாவிலும் பிரபலமான முறை. ஜப்பானிய ஒப்பனைக் கலைஞர் ஷூ உவெமுரா 1967-இல் முகம் துடைக்கும் எண்ணெயைக் கடைக்குக் கொண்டுவந்தார். ஆனால் சங்கதி நமக்குப் புதிதல்ல. நம் கூத்துக் கலைஞர்கள் அரிதாரத்தைக் கலைக்கத் தேங்காய் எண்ணெயைத்தான் தடவினார்கள். அன்றாடம் அரிதாரம் பூசாத நமக்கு அன்றாடம் அந்த வேலை எதற்கு? அதுதான் கேள்வி.

ஆகவே, மறுநடவுக் காட்டில் நிழலே இல்லாமல் வேலை செய்து சன்ஸ்கிரீன் பூசுகிறவர்கள், மேக்கப் போட்டுக்கொண்டு கல்யாணம் காட்சிக்குப் போய் வந்தவர்கள், இரவில் மட்டும் ஒரு தடவை இரண்டு கட்டமாகக் கழுவலாம். பவுடர் மட்டும் போட்டவர்களுக்கும் பெடாக் செஜுக் பூசியவர்களுக்கும் இது வேண்டாம். அவை தண்ணீரிலேயே போய்விடும்.

செய்யும் முறை

முதலில் கையைக் கழுவுங்கள். அழுக்குக் கையால் முகத்தைத் தொட்டால் அழுக்கு இடம் மாறுகிறதே ஒழியப் போவதில்லை. முகம் காய்ந்திருக்கும்போதே அரைத் தேக்கரண்டி எண்ணெயை எடுத்து விரல் நுனியால் ஒரு நிமிடம் மெதுவாகத் தடவுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம். கண்ணுக்குள் போக விடவேண்டாம்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கடையில் 'கிளென்சிங் ஆயில்' என்று விற்பதில் தண்ணீரோடு கலக்கும் பொருள் சேர்த்திருப்பார்கள். தண்ணீர் பட்டதும் பால் போல வெளுத்துக் கழன்றுவிடும். நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் அப்படிக் கழலாது. அதைப் பயன்படுத்தினால், நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியால் முதலில் ஒற்றி எடுக்க வேண்டும். அதன்பின் மிருதுவான சவுக்காரத்தை நுரைத்து ஒரு முறை கழுவி, நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். காது ஓரம், தாடை, நெற்றியில் முடி தொடங்கும் இடம் ஆகியவற்றில் எண்ணெய் தங்கிவிடும். துண்டால் ஒற்றித் துடையுங்கள், தேய்க்காதீர்கள். துடைக்கும் துணியைத் தினமும் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள்.

ஸ்டிக்கர் பொட்டின் பசை நெற்றியில் ஒட்டிக்கொண்டால் அதற்கும் ஒரு சொட்டு எண்ணெய் போதும், நகத்தால் சுரண்டாதீர்கள். பொட்டு வைக்கும் இடத்தில் அரிப்போ, வெள்ளைத் திட்டோ தெரிந்தால் அந்தப் பொட்டை உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். சில பசைகளில் உள்ள ரசாயனம் தோலின் நிறத்தையே அழித்துவிடும்.

எண்ணெய் யாருக்கு ஆகாது?

முகப்பரு உள்ள பிள்ளைகளுக்குத் தேங்காய் எண்ணெய் நல்லதல்ல. அது தோலின் துவாரங்களை அடைத்துப் பருவை அதிகப்படுத்தக்கூடும். தேமல் உள்ளவர்களும் தள்ளி வையுங்கள். தேமலுக்குக் காரணமான பூஞ்சை நம் தோலில் எப்போதும் இருப்பதுதான். எண்ணெயும் வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் அது பெருகும். வேர்க்குரு உள்ள இடத்திலும் எண்ணெய் பூச வேண்டாம். அதற்குக் காற்றோட்டமும் குளிர்ந்த தண்ணீரும்தான் மருந்து. கைக்குழந்தைகளுக்கு இந்த இரட்டைக் கழுவல் தேவையே இல்லை.

பால்மரத்திலும் செம்பனையிலும்

பால் வெட்டும்போது முகத்தில் தெறிக்கும் பால் காய்ந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் எண்ணெய் தடவி இளக்கி, மெதுவாக உருட்டி எடுத்தபின் சவுக்காரம் போட்டுக் கழுவுங்கள். கையில் ஒட்டிய பாலை மண்ணெண்ணெயால் துடைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். முகத்துப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. பால் கண்ணில் தெறித்தால், அதிலும் அம்மோனியா கலந்த பாலாக இருந்தால், உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள். பிறகு கிளினிக்குக்குப் போங்கள்.

செம்பனையில் குலை வெட்டும்போது மேலிருந்து தூசியும் செதிலும் முகத்தில் கொட்டும். அதை அப்படியே துண்டால் தேய்த்தால் தோல் கீறும். முதலில் தண்ணீரை வாரி அடித்து அலசிவிட்டு, அப்புறம் சவுக்காரம் போடுங்கள்.

மருந்து அடிப்பவர்களுக்கு வேறு விதி

மருந்து அடிக்கும் சகோதரிகளே, தோழர்களே, இதைக் கட்டாயம் மனத்தில் வையுங்கள். களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ முகத்தில் பட்டால் 'முதலில் எண்ணெய்' என்ற பேச்சுக்கே இடமில்லை. எண்ணெய் தடவினால் மருந்து முகம் முழுக்கப் பரவும். சில மருந்துகள் எண்ணெயில் கரைபவை. அவை தோலோடு இன்னும் ஒட்டிக்கொள்ளும். உடனே, அந்த இடத்திலேயே, ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும். பிறகு சவுக்காரம் போட்டு மறுபடியும் கழுவ வேண்டும். "சாயங்காலம் வீட்டுக்குப் போயி குளிச்சிக்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள். தோலில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மருந்து உள்ளே போகலாம்.

கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து 15 முதல் 20 நிமிடம் தண்ணீர் விட்டபின் டாக்டரிடம் ஓடுங்கள். மருந்துப் புட்டியின் லேபலையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். கழுத்தில் கட்டிய துண்டால் முகம் துடைக்காதீர்கள். அந்தத் துண்டிலேயே மருந்து ஊறியிருக்கும். கையுறையைக் கழுவிவிட்டுக் கழற்றுங்கள், கையைக் கழுவிவிட்டு முகத்தைத் தொடுங்கள். சாப்பிடுவதற்கும் வெற்றிலை போடுவதற்கும் முன்னால் கையும் முகமும் கழுவியே ஆக வேண்டும். மருந்து அடித்த உடுப்பைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

தண்ணீருக்கு யார் பொறுப்பு?

"கழுவு கழுவுன்னு எழுதுறீங்க. காட்டுல தண்ணி எங்க இருக்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சவுக்காரத்தை நாம் வாங்கிவிடலாம். மருந்து அடிக்கும் இடத்தில் தண்ணீர் வைக்க வேண்டியது நிர்வாகம். ஆபத்தான ரசாயனங்களைக் கையாளும் வேலைக்கு மலேசியாவில் 2000-ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாப்புக்காகச் சட்டம் கொடுக்கச் சொல்லும் சாதனங்களுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. அந்தச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமான காரணத்தோடு நம்பும் தொழிலாளி, முதலாளி அந்த ஆபத்தை நீக்காவிட்டால் அங்கிருந்து விலகலாம் என்று அது சொல்கிறது.

இந்த உரிமைகள் தானாக வந்துவிடவில்லை. 2002-இல் தெனாகனித்தா அமைப்பு வெளியிட்ட ஆய்வு, மருந்து அடிக்கும் தோட்டத்துப் பெண்கள் பட்ட துன்பத்தை நாட்டுக்கு எடுத்துச் சொன்னது. பாராகுவாட் களைக்கொல்லிக்கு முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1 அன்றுதான். இடையில் ஓடிய ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். கேட்டவர்கள் இருந்ததால்தான் அதுவும் நடந்தது.

எனவே பெரட்டில் நிற்கும்போதே கேளுங்கள்: இன்று மருந்து அடிக்கும் இடத்தில் தண்ணீர் டாங்கி உண்டா? சவுக்காரம் உண்டா? வேலை நேரத்திலேயே கழுவிக்கொள்ள அவகாசம் உண்டா? இல்லையென்றால் தேதியோடு எழுதி வைத்துச் சங்கத்தின் தோட்டக் கிளையிடம் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழருக்கும் சேர்த்துக் கேளுங்கள். மருந்து ஆள் பார்த்து எரிப்பதில்லை.

வெள்ளையாக்கும் கிரீம் வேண்டாம்

கடைசியாக ஒரு வார்த்தை. இரட்டைக் கழுவல் புட்டியோடு 'ஏழே நாளில் சிவப்பழகு' என்று ஒரு கிரீமையும் தள்ளிவிடுகிறார்கள். இப்படி விற்கும் சில கிரீம்களில் பாதரசம் கலந்திருந்ததைச் சுகாதார அதிகாரிகள் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கர்ப்பிணியின் வயிற்றில் இருக்கும் குழந்தையையும் பாதிக்கும். வேறு சிலவற்றில் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஸ்டீராய்டு இருக்கும். அது தோலை மெலிதாக்கிவிடும். தயாரித்தவர் பெயரும், உள்ளிருக்கும் பொருட்களின் பட்டியலும் இல்லாத கிரீமைத் தொடவே தொடாதீர்கள். ஏற்கனவே பூசி முகம் எரிகிறது என்றால் எத்தனை தடவை கழுவியும் பயனில்லை. கிரீமை நிறுத்திவிட்டு, டப்பாவோடு அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள்.

வெயிலில் உழைத்துக் கறுத்த முகத்தில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வியர்வைக்கு ஒரு கழுவல். பூச்சுக்கு, பூசிய இரவில் மட்டும், இரண்டு கழுவல். மருந்துக்கு உடனே தண்ணீர், நிறையத் தண்ணீர். இதை வீட்டில் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். வேலைக்காட்டில் தண்ணீர் இல்லையென்றால் வாய் திறந்து கேளுங்கள்.