வாகனத்தில் தொலைபேசிக் கருவி: பொருத்தும் முறையும் பேசும் பொறுப்பும்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து கல்முனை நோக்கிச் செல்லும் வீதி, இடப்புறம் கடலும் வலப்புறம் வாவியுமாக ஒடுங்கிய நிலப்பரப்பின் நடுவே செல்கின்றது. நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, தாழங்குடா, குருக்கள்மடம், களுவாஞ்சிக்குடி, மருதமுனை எனத் தமிழ்க் கிராமங்களும் முஸ்லிம் கிராமங்களும் ஒன்றையடுத்து ஒன்றாக அதன் இருமருங்கிலும் அமைந்துள்ளன. பாடசாலைக்கும் மத்ரஸாவுக்கும் செல்லும் சிறுவர், மீன் பெட்டியுடன் விரையும் மோட்டார் சைக்கிள், மாலையில் பட்டிக்குத் திரும்பும் மாடுகள், கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் என்று அனைவருக்கும் உரியது இந்த ஒரே வீதிதான். இவ்வீதியில் செல்லும் சாரதிகளில் எத்தனை பேர் ஒரு கையால் சுக்கானையும் மறு கையால் கைத்தொலைபேசியையும் பிடித்திருக்கின்றனர் என்பதை அரை மணி நேரம் வீதியோரத்தில் நின்று பார்க்கும் எவரும் கண்டுகொள்ளலாம்.

தெற்காசியாவிலேயே முதலாவதாக, 1989 ஆம் ஆண்டில் கைத்தொலைபேசிச் சேவை ஆரம்பமான நாடு இலங்கை. அன்று செல்வந்தரின் அடையாளமாக இருந்த அக்கருவி இன்று தோணிக்காரரின் மடியிலும் இருக்கின்றது. வாகனத்தைச் செலுத்தும் போது அதனைக் கையில் ஏந்திப் பேசுவது எமது நாட்டில் போக்குவரத்துக் குற்றமாகும். இதனால் பலர் வாகனத்தினுள் கைபடாமல் பேசுவதற்கும் தொலைபேசியிலுள்ள பாடல்களைக் கேட்பதற்கும் உதவும் இணைப்புக் கருவிகளை நாடுகின்றனர். 2020 மார்ச் மாதத்தில் இடைநிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி வரை திறக்கப்படவில்லை. புதிய வாகனம் வாங்க இயலாதவர்கள் பழைய வாகனத்துக்கே புதிய வசதிகளைத் தேடினர். எனவே இக்கருவிகளின் வகைகளையும், அவற்றைப் பொருத்தும் முறையையும், அவை தரும் பாதுகாப்பின் எல்லையையும் விளக்குவது பயனுடையதென நாம் கருதுகின்றோம்.

இக்கருவிகளில் பெரும்பாலானவை புளூடூத் என்னும் குறுந்தூர வானலைத் தொடர்பில் இயங்குகின்றன. எரிக்சன், நொக்கியா, ஐ.பி.எம்., இன்டெல், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் 1998 இல் ஒன்றிணைந்து உருவாக்கிய பொது ஏற்பாடு இது. பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசரொருவரின் பட்டப்பெயரே இதற்குச் சூட்டப்பட்டது. புளூடூத்தில் அழைப்புக்கு ஒரு வழிமுறையும் இசைக்கு வேறொரு வழிமுறையும் உண்டு. முன்னையது குரலை இருபுறமும் கொண்டு செல்லும். பின்னையது இரட்டை ஒலியை ஒருபுறம் மட்டுமே கொண்டு செல்லும். மலிவான சில கருவிகளில் இவற்றுள் ஒன்று மாத்திரமே இருப்பதுண்டு. ஆதலால் அழைப்பு, இசை ஆகிய இரண்டையும் கடையிலேயே தொலைபேசியுடன் இணைத்துப் பார்த்து வாங்குவது நல்லது.

எந்தக் கருவி பொருந்தும் என்பதை வாகனத்தில் ஏற்கனவே உள்ள வானொலிச் செட்டே தீர்மானிக்கின்றது. ஒலிநாடா செட் உள்ள பழைய காருக்கு, ஒலிநாடா வடிவிலேயே அமைந்த இணைப்பான் உண்டு. அதிலுள்ள சிறு காந்தத் தலை செட்டின் தலையோடு ஒட்டி நின்று ஒலியைக் கடத்தும். செட்டின் முகப்பில் ஏ.யூ.எக்ஸ். எனக் குறிக்கப்பட்ட துளை இருப்பின் வேலை இலகு. சிறிய புளூடூத் வாங்கியை அத்துளையில் செருகினால் போதும். இரண்டும் இல்லாதவர்கள் லைட்டர் துளையில் செருகும் எப்.எம். பரப்பியை வாங்குகின்றனர். இது தொலைபேசியின் ஒலியை மெல்லிய வானொலி அலையாக வெளியிட, காரின் வானொலி அதனை ஒரு நிலையம் போலப் பிடித்துக்கொள்ளும்.

இந்த எப்.எம். பரப்பியில்தான் எமது பிரதேசத்தவர் அதிகம் ஏமாறுகின்றனர். எமது வீதிகளில் ஓடும் கார்களிலும் வான்களிலும் பெரும் பகுதி ஜப்பானில் பாவிக்கப்பட்டு இங்கு கொண்டுவரப்பட்டவை. இலங்கையில் எப்.எம். ஒலிபரப்பு 87.5 முதல் 108 மெகாஹேட்ஸ் வரையிலான அலைவரிசையில் நடைபெறுகின்றது. ஜப்பானிலோ நீண்டகாலமாக 76 முதல் 90 வரையே அதற்கென ஒதுக்கப்பட்டிருந்தது. எனவே ஜப்பானியச் செட் ஒன்றில் எமது நிலையங்களில் பெரும்பாலானவை கேட்பதில்லை. பரப்பியை 98 இல் வைத்துவிட்டுக் கருவி பழுதென்று கடைக்காரரோடு வாதாடுவோர் பலர். இரண்டு அலைவரிசைகளும் சந்திக்கும் இடம் 87.5 க்கும் 90 க்கும் இடையிலான சிறு பகுதி மட்டுமே. பரப்பியை அப்பகுதிக்குள், வேறு நிலையம் எதுவும் ஒலிக்காத ஓரிடத்தில் வைத்தால் அது இயங்கும்.

வானொலி நிலையங்களையும் கேட்க விரும்புவோர் அன்ரனா வயரின் இடையே அலைவரிசை மாற்றி ஒன்றைப் பொருத்துவதுண்டு. அது வரும் அலைகளின் எண்ணைக் குறிப்பிட்ட அளவால் குறைத்துச் செட்டுக்குக் கொடுக்கும். எவ்வளவு குறைக்கும் என்பது கருவிக்குக் கருவி வேறுபடும். 12 மெகாஹேட்ஸ் குறைக்கும் கருவியாயின் 98 இல் உள்ள நிலையம் செட்டில் 86 எனக் காட்டும். 102 க்கு மேற்பட்டவை கேட்கமாட்டா. இந்தக் கழித்தல் கணக்கை அறியாதவரே நிலையத்தைத் தேடிக்கொண்டு ஓடும் வாகனத்தில் பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பர்.

எப்.எம். பரப்பிக்கு மற்றொரு குறைபாடும் உண்டு. அதன் ஒலிவாங்கி லைட்டர் துளைக்கு அருகே, முழங்கால் மட்டத்தில் இருக்கின்றது. சாரதியின் குரலை விட இயந்திரத்தின் இரைச்சலும் குளிரூட்டியின் காற்றுமே அதற்கு அதிகம் கேட்கும். மறுமுனையில் இருப்பவர் "கேட்கவில்லை" என்பார். சாரதி குனிந்து பேசுவார். வீதியிலிருந்து பார்வை அகலும் கணம் அதுதான். பாடலுக்கு மட்டும் பயன்படுத்துவதாயின் பரப்பி போதுமானது. அழைப்புக்காகவே கருவி வாங்குபவர், தனி ஒலிவாங்கி உள்ளதைத் தெரிவு செய்ய வேண்டும். அவ்வொலிவாங்கியை வெயில் மறைப்பானின் அருகிலோ சுக்கான் தண்டின் மேற்புறத்திலோ, குளிரூட்டியின் வாய்க்கு விலகியிருக்குமாறு பொருத்த வேண்டும். ஒலிபெருக்கியின் சத்தத்தைச் சற்றுக் குறைத்து வைத்தால் மறுமுனைக்கு எதிரொலி செல்வதும் குறையும்.

செட்டையே மாற்ற எண்ணுவோர் முதலில் அளவை அறிய வேண்டும். உலகெங்கும் வழக்கிலுள்ள ஒற்றைச் செட்டின் முகப்பு ஏறக்குறைய 178 மில்லிமீற்றர் அகலமும் 50 மில்லிமீற்றர் உயரமும் கொண்டது; இரட்டைச் செட்டின் உயரம் 100 மில்லிமீற்றர். வெளிச்சந்தைச் செட்டுகளில் பொதுவாக மஞ்சள் வயர் பற்றரியிலிருந்து எந்நேரமும் வரும் மின்னுக்கும், சிவப்பு வயர் திறப்பைத் திருப்பினால் மட்டும் வரும் மின்னுக்கும், கறுப்பு வயர் வாகன உடலுக்கும் உரியன. வாகனத்தின் பழைய வயர்களை வெட்டி முறுக்கி நாடா சுற்றுவதைத் தவிர்த்து, அந்த வாகன வகைக்குரிய இணைப்பு வயரை வாங்கிச் செருகுவதே முறையாகும். நாளை வாகனத்தை விற்கும் போது பழைய செட்டை மீண்டும் வைப்பதற்கும் அது வழி செய்யும்.

இவ்விடத்தில் எமக்கு நேர்ந்த அனுபவமொன்றைக் கூறுவது பொருத்தமாகும். எமது வாகனத்துக்குச் செட் பொருத்திய ஒருவர் மஞ்சள், சிவப்பு வயர்கள் இரண்டையும் எந்நேரமும் மின் வரும் ஒரே இடத்தில் இணைத்துவிட்டார். செட் நன்றாகவே பாடியது. சில நாட்கள் வாகனம் எடுக்கப்படாமல் நின்றது. பின்னர் ஒரு நாள் அதிகாலை, சுபஹு பாங்கு ஒலிக்கும் வேளையில், அயல் வீட்டுத் தாயொருவரைப் பிரசவத்துக்காக வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டியிருந்தது. திறப்பைத் திருப்பினோம், இயந்திரம் அசையவில்லை. ஒழுங்கை முனையில் வசிக்கும் முச்சக்கர வண்டிச் சாரதி எழுந்து வந்ததால் தாயும் பிள்ளையும் தப்பினர். கணக்கு எளியது. சிறிய காரொன்றின் பற்றரி 35 அம்பியர் மணி கொள்ளளவுடையது எனக் கொண்டால், அரை அம்பியர் கசிவு அதனை 70 மணித்தியாலத்தில் வெறுமையாக்கிவிடும். இயந்திரத்தைத் தொடக்க முடியாத நிலை அதற்கு வெகு முன்னரே வந்துவிடும். பொருத்தி முடித்தவுடன் திறப்பை எடுத்துவிட்டுச் செட் முழுமையாக அணைகின்றதா எனப் பார்ப்பதற்கு ஒரு நிமிடமே தேவை.

வேலை தொடங்குமுன் பற்றரியின் மறை முனையைக் கழற்றுவது பொது விதி. எனினும் சில ஜப்பானியச் செட்டுகள் மின் துண்டிக்கப்பட்டதும் பூட்டிக்கொண்டு இரகசிய எண்ணையோ தமது வரைபட அட்டையையோ கேட்கும். பழைய செட்டைத் தொடர்ந்து பாவிக்கவுள்ளவர்கள் இதனை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் உறையிட்ட வயர்த் தொகுதி பெரும்பாலும் காற்றுப்பைக்கு உரியது. ஹைபிரிட் வாகனங்களில் செம்மஞ்சள் நிற வயர் உயர் மின்னழுத்தம் உடையது. இவற்றில் கை வைத்தலாகாது. காற்றுப்பை விரியும் இடத்தில் தொலைபேசித் தாங்கியை ஒட்டினால், விபத்தின் போது அது சாரதியின் முகத்தை நோக்கியே எறியப்படும். பியூஸ் எரிந்தால் அதே அளவுடைய பியூஸையே போட வேண்டும். வயர்த் துண்டைச் சுற்றி வைப்பது வாகனத்துக்குத் தீ வைப்பதற்கு ஒப்பானது.

கடலுக்கும் வாவிக்கும் இடையே வாழும் எமக்கு உப்புக் காற்று மற்றுமொரு பிரச்சினை. கறுப்பு வயரைப் பூச்சுப் பூசிய தகட்டில் சும்மா திருகிவிட்டால், சில மாதங்களில் அங்கே துரு படிந்து ஒலியில் இரைச்சல் தோன்றும். தகட்டைச் சுரண்டிச் சுத்தமாக்கி, இறுகத் திருகி, மேலே கிரீஸ் தடவ வேண்டும். இயந்திரத்தின் வேகத்தோடு கூடிக் குறையும் 'கீச்' ஒலி கேட்டால், கருவியைக் குறை கூறுமுன் இந்த இணைப்பையே முதலில் பார்க்க வேண்டும்.

திரையுள்ள செட்டுகளில் கைத்தடுப்போடு இணைக்க வேண்டிய வயர் ஒன்று உண்டு. வாகனம் நிற்கும் போது மட்டுமே படம் ஓட வேண்டும் என்பதற்காக அது வைக்கப்பட்டுள்ளது. அதனை நேரே வாகன உடலில் இணைத்து, ஓடும் போதும் படம் காட்டச் செய்வது வாடிக்கையாளருக்குச் செய்யும் உபகாரம் போலப் பலரால் கருதப்படுகின்றது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் இரண்டு செக்கனில் ஏறக்குறைய 28 மீற்றர் தூரத்தைக் கடந்துவிடுகின்றது. அந்த 28 மீற்றருக்குள் ஒரு பாடசாலை வாசலும் அடங்கும், ஒரு கோயில் வீதியும் பள்ளிவாசல் முன்றலும் அடங்கும். உபகாரம் என்று கேட்பவரும் செய்பவரும் இதைச் சிந்திக்க வேண்டும்.

இவ்வளவும் முறையாகச் செய்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடுமா என்பதே முக்கியமான கேள்வி. கனடாவின் டொரொன்டோ நகரில் விபத்துக்குள்ளான 699 சாரதிகளின் தொலைபேசிப் பதிவுகளை ஆராய்ந்து 1997 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, தொலைபேசியில் பேசும் போது விபத்தின் அபாயம் நான்கு மடங்காகின்றது எனக் கண்டது. மேற்கு அவுஸ்திரேலியாவில் 456 சாரதிகளை வைத்து 2005 இல் வெளியான ஆய்வும் அதே முடிவுக்கே வந்தது. கையில் பிடித்துப் பேசினாலும் கைபடாத கருவியில் பேசினாலும் அபாயம் பெரிதும் வேறுபடவில்லை என்பதே இரு ஆய்வுகளும் உணர்த்திய செய்தி. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியது. பக்கத்தில் அமர்ந்திருப்பவர் மாடு குறுக்கே வருவதைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிடுவார். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர் மாட்டைக் காண்பதில்லை. கருவி சாரதியின் கையை விடுவிக்கின்றது, மனதை விடுவிப்பதில்லை.

சட்டம் கையைப் பார்க்கின்றது. மனதைப் பார்க்க வேண்டியவர்கள் நாமே. கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு இரவிரவாக ஆட்களை ஏற்றிச் செல்லும் வான் சாரதியைப் பாதி வழியில் பத்துத் தடவை அழைத்து "எங்கே வருகிறீர்கள்?" என்று கேட்பவர்கள் அந்த வானில் இருப்பவர்களின் உறவினர்களே. வளைகுடா நாட்டிலிருந்து மகன் எடுக்கும் அழைப்பைத் தவறவிடத் தந்தைக்கு மனம் வராது என்பதையும் நாம் அறிவோம். ஆயினும் "வாகனத்தில் இருக்கிறேன், நிறுத்திவிட்டு எடுக்கிறேன்" என்று கூறுவதற்குச் சில செக்கன்களே போதும். கைபடாத கருவியின் சரியான பயன் அந்த ஒரு வசனத்தைச் சொல்வதுதான். அழைப்பவரும் "வாகனத்திலா இருக்கிறீர்கள்?" என முதலில் கேட்கப் பழக வேண்டும். பாடலையும் பயணம் தொடங்குமுன்னரே தெரிவு செய்துவிடலாம்.

ஒரு வாகனத்தில் பக்திப் பாடல் ஒலிக்கின்றது, எதிரே வரும் வாகனத்தில் கிராஅத் ஒலிக்கின்றது. இரண்டும் ஒரே வகைக் கருவியில், ஒரே ஒடுங்கிய வீதியில் ஒன்றையொன்று கடந்து செல்கின்றன. இரு வாகனங்களிலும் இருப்போர் வீடு சென்று சேர வேண்டும் என்பதே இரு வீட்டாரின் பிரார்த்தனையும். கருவியை வாங்குவோர் அதனை முறையாகப் பொருத்திக்கொள்வதுடன், வாகனம் ஓடும் வரை பேச்சைத் தள்ளி வைக்கவும் பழக வேண்டுமென்பதே எமது வேண்டுகோளாகும்.