வேண்டாத முதுசொம்

தந்தை வழியில் வரும் ஆதனத்தை முதுசொம் என்றும், பெண்ணுக்குக் கொடுத்து அனுப்புவதைச் சீதனம் என்றும், கணவனும் மனைவியும் சேர்ந்து ஈட்டுவதைத் தேடியதேட்டம் என்றும் எமது தேசவழமை வகுத்துரைக்கும். மூன்றுக்கும் உறுதி உண்டு. யாருக்கு எத்தனை பரப்பு என்ற கணக்கும் உண்டு. வேண்டாதவன் தன் பங்கை உடன்பிறந்தாருக்கு விட்டுக்கொடுக்கவும் வழியுண்டு. உறுதியும் இன்றி, கணக்கும் இன்றி, விட்டுக்கொடுக்கும் வழியும் இன்றிப் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் முதுசொம் ஒன்று உலகில் உண்டு. பெற்றவன் அதனைப் பெற்றதாகப் பெரும்பாலும் முப்பது வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் இடையிலேதான் அறிகின்றான். அதற்குள் அவனுக்கும் பிள்ளைகள் பிறந்துவிடுகின்றனர். ஹண்டிங்டன் நோய் என வைத்திய நூலார் கூறுவது இதனையே.

ஐரோப்பிய வம்சத்தாரிடையே ஏறத்தாழப் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்னும் அளவில் இந்நோய் காணப்படுகின்றது. ஆசிய மக்களிடையே மிகவும் குறைவு. குறைவென்பதால் நமக்குப் புறம்பானது என்று தள்ளிவிடுதல் தகாது. பரம்பரை நோய் புகுந்த குடும்பத்துக்கு அயலவர் செய்யக்கூடிய உதவி யாது என்னும் வினாவுக்கு, இவ்வொரு நோயின் வரலாறு தரும் விடையை வேறெங்கும் காண்பதரிது.

முதலில் நோயைச் சொல்வோம். கைவிரலிலும் முகத்திலும் தானாகவே எழும் சிறு துடிப்பாக அது தொடங்கும். பின்னர் உடல் முழுவதும் நெளிந்தாடும், நடை தள்ளாடும், நாக் குழறும். விழுங்குவதும் கடினமாகும். பல வேளைகளில் உடலசைவுக்கு முன்னரே மனம் மாறிவிடுகின்றது. பொறுமைசாலி சினக்காரனாவான், கணக்கில் வல்லவன் கடைச்சிட்டையைக் கூட்டத் தடுமாறுவான். பதினைந்து, இருபது ஆண்டுகள் இவ்வாறு கழிந்து உயிர் பிரியும். குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. உடலசைவைத் தணிக்கும் மருந்துகளே உள்ளன.

1872ஆம் ஆண்டில் ஜோர்ஜ் ஹண்டிங்டன் என்னும் இளம் அமெரிக்க வைத்தியர் இதனைத் தெளிவாக விவரித்து ஒரு கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு வயது 22. பாட்டனும் தந்தையும் நியூயோர்க் மாநிலத்து லோங் ஐலண்டில் வைத்தியத் தொழில் பார்த்தவர்கள். ஆகவே மூன்று தலைமுறைக் குறிப்புகள் அவர் கைக்கு எட்டின. அக்கட்டுரையில் எமது மனத்தை ஈர்ப்பது நோய்க்குறிகள் அல்ல. அக்குடும்பத்தார் தங்கள் நோயைப் பேச நேர்ந்தால், பெயர் சொல்லாது, ‘அந்தக் கோளாறு’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவர் என்று அவர் குறித்திருக்கின்றார். எம்மவர் கலியாணப் பேச்சில், குரலைத் தாழ்த்தி, “அந்தப் பகுதியில் ஒரு வருத்தம் இருக்கின்றதாம்” என்று சொல்வதை வாசகர்கள் கேட்டிருப்பார்கள். கடல்களுக்கு அப்பாலும் மனித மனம் ஒன்றுதான்!

நோயின் மூலம் நான்காம் நிறமூர்த்தத்தில் உள்ள ஒரு பரம்பரையலகில் இருக்கின்றது. அங்கே சி.ஏ.ஜி. என்னும் மூன்று எழுத்துக் கூட்டம் திரும்பத் திரும்ப எழுதப்பட்டுள்ளது. அது 26 தடவை வரை இருப்பின் தீங்கில்லை. 40 அல்லது அதற்கு மேலாயின், ஆயுள் நீடித்தால் நோய் வந்தே தீரும். திக்குவாயன் ஒரே அசையைப் பலமுறை சொல்வது போன்ற ஒரு பிழை, அவ்வளவுதான்.

மாணவர்கள் இங்கே சற்றுக் கவனிக்க வேண்டும். தாய்க்கோ தந்தைக்கோ இப்பிழை இருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்புச் சரிபாதி. ‘நான்கு பிள்ளைகளுள் இருவருக்கு வரும், இருவர் தப்புவர்’ என்று எமது வகுப்பிலே பலர் உடனே விடையெழுதிவிடுவதுண்டு. அது பிழை. ஒவ்வொரு பிள்ளைக்கும் நாணயம் புதிதாகவே சுண்டப்படுகின்றது. நால்வருக்கும் வரலாம், ஒருவருக்கும் வராமலும் போகலாம். ஒரு தலைமுறையைத் தாண்டி அடுத்ததில் தலைகாட்டும் என்பதும் பொய். தப்பிய பிள்ளையோடு அக்கிளையில் நோய் முடிந்துவிடும். அப்பிள்ளையின் மக்களைச் சந்தேகிப்பது அநியாயம்.

இரத்தப் பரிசோதனையால் இப்பிழை உண்டா இல்லையா என்று இன்று முன்கூட்டியே அறிந்துவிடலாம். எனினும் ஆபத்துள்ள குடும்பங்களிற் பிறந்தவர்களுள் பெரும்பாலோர் அப்பரிசோதனையை நாடுவதில்லை. தடுக்க வழியில்லாத ஒன்றின் வருகையை இருபது வயதில் அறிந்து என்ன பயன் என்பது அவர்கள் வாதம். நாம் அதனைக் கோழைத்தனம் என்று கொள்ளமாட்டோம்.

இனி உதவியின் கதைக்கு வருவோம். அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று ஏழைத் தொழிலாளரின் பாடல்களைப் பாடிப் புகழ்பெற்றவர் வூடி கத்ரி. அவருடைய அன்னை 1927இல் மனநோயாளர் விடுதியில் சேர்க்கப்பட்டு, 1930இல் அங்கேயே மாண்டார். மகனுக்கும் நடை தள்ளாடத் தொடங்கியபோது, குடிகாரன் என்றனர், மனநோய் என்றனர். 1952ஆம் ஆண்டிலேதான் ஹண்டிங்டன் நோய் எனத் தெளிந்தது. (பின்னாளில், 2016இல், நோபல் பரிசு பெற்ற பொப் டிலன், இருபது வயது நிரம்பாத இளைஞராக 1961இல் அவரைத் தேடிச் சென்று கண்டமை இசையன்பர் அறிந்த செய்தி.) 1967 ஒக்டோபரில், தமது 55ஆவது வயதில் வூடி காலமானார்.

அவரது முன்னாள் மனைவி மார்ஜரி ஒரு நடனமாது. மணமுறிவு ஏற்பட்ட பின்னரும் நோயாளியைக் கைவிடாது பராமரித்தவர். தம் பிள்ளைகள் மூவர் தலைமேலும் அதே வாள் தொங்குவதை அவர் அறிவார். வேறு குடும்பங்களும் இவ்வாறு இருளில் இருக்கக்கூடுமே என்று எண்ணி, பத்திரிகையில் ஒரு சிறு விளம்பரம் கொடுத்து அவர்களைத் தேடினார். வந்து சேர்ந்தவர் ஒரு சிலரே. அச்சிலரைக் கொண்டு 1967ஆம் ஆண்டில் அவர் அமைத்த குழுவே இன்று அமெரிக்க ஹண்டிங்டன் நோய்ச் சங்கமாக விளங்குகின்றது. பத்து ஆண்டுகளுக்குள், இந்நோய் பற்றி ஆராய அந்நாட்டுக் கொங்கிரஸ் சபை அமைத்த ஆணைக்குழுவுக்கு அவரே தலைவரானார். அவர் முதலில் திரட்டியது பணத்தையல்ல, ஒளிந்திருந்த மனிதரை. பெயர் சொல்லக் கூசிய குடும்பம், தன்னைப் போல் இன்னொரு குடும்பத்தின் முன் அமர்ந்து முதன்முறையாக வாய்திறந்தது. இதனை ஓர் உதவியாகக் கணக்கெழுத எந்தக் கணக்கப்பிள்ளையாலும் இயலாது. ஆயினும் பிற உதவிகள் யாவும் இதன் பின்னரே வந்தன.

இச்சங்கங்கள் செய்யும் பணி ஆரவாரமற்றது. பிரித்தானியாவில் இந்நோயை நன்கு கற்ற ஆலோசகர்களைச் சங்கமே நியமித்துள்ளது. அவர்கள் வீடுகளுக்குச் செல்கின்றனர். அரசாங்க உதவிப்பணத்துக்கு விண்ணப்பிக்கும் வழியைக் காட்டுகின்றனர். நோயாளியைப் பராமரிக்கும் தாதியருக்கும் நோயின் தன்மையை விளக்குகின்றனர். ஓயாத அசைவினால் நோயாளியின் உடல் மெலிந்துகொண்டே போகும். ஆகவே மற்றவர்களிலும் மிகுதியான உணவு வேண்டும். அதுவும் தொண்டையில் சிக்காத பதத்தில் வேண்டும். எதனை எப்படிப் பிசைந்து ஊட்டுவது என்பதை ஒரு மனைவிக்குக் கற்பித்தல் சிறிய உதவியா? ‘நான் குடித்திருக்கவில்லை, எனக்கு இந்த நோய் உண்டு’ என்னும் கருத்தில் ஒரு சிறு அட்டையையும் சில சங்கங்கள் வழங்குகின்றன. வீதியில் பொலிசாரிடம் காட்டுவதற்கு! அவ்வட்டையின் விலை சில சதங்கள் இருக்கலாம். அது காக்கும் மானத்துக்கு விலையில்லை.

இவ்வளவும் செல்வ நாடுகளின் கதை. வறிய நாடொன்றில் நிகழ்ந்ததைச் சொன்னால்தான் எமது கருத்து முழுமையாக விளங்கும்.

தென்னமெரிக்காவில் வெனிசூலா நாட்டில் மரக்காய்போ என்று ஒரு பேரேரி உண்டு. அதன் கரையிலே மீன்பிடித்து வாழும் ஏழைக் கிராமங்களில் இந்நோய் உலகில் வேறெங்கும் இல்லாத அளவில் மலிந்துள்ளது. லகுனேத்தா என்னும் ஊரில் வீடுகளே நீர்மேல் மரக்கால் நாட்டி எழுப்பப்பட்டவை. அங்கே பணிபுரிந்த அமெரிக்கோ நெக்ரேட்டே என்னும் வைத்தியர், தெருவில் தள்ளாடுவோரைக் குடிவெறியர் என்றே முதலில் எண்ணினார். பின்னர் உண்மையுணர்ந்து 1955இல் வைத்திய உலகுக்கு அறிவித்தார். நெடுங்காலம் எவரும் செவிசாய்க்கவில்லை.

அமெரிக்காவில் மில்டன் வெக்ஸ்லர் என்னும் உளநூலறிஞரின் மனைவிக்கு 1968ஆம் ஆண்டில் இந்நோய் கண்டது. அம்மையாரின் சகோதரர் மூவரையும் பற்றிய நோய் அது. வெக்ஸ்லர் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டத் தொடங்கினார். அவருடைய மகள் நான்சி 1979இல் மரக்காய்போ சென்றார். பின் ஆண்டுதோறும் ஆராய்ச்சிக் குழுவோடு சென்றுவந்தார். இரத்தம் எடுக்க வந்த அந்நியரைக் கிராமத்தார் ஐயுற்றனர். தம் தாய்க்கும் இதே நோய் உண்டு, தமக்கும் வரக்கூடும் என்று நான்சி கூறியபோது அவர்கள் நம்பவில்லை. பரிசோதனைக்காகத் தமது கையில் தோல் வெட்டியெடுத்த தழும்பைக் காட்டிய பின்னரே நம்பினர். அதன்பின் கைநீட்டினர். நாலாயிரத்துக்கு மேற்பட்டோரின் இரத்தம் பெறப்பட்டது. பத்துத் தலைமுறைகளும் பதினெண்ணாயிரத்துக்கு மேற்பட்ட மனிதரும் அடங்கிய வம்சாவளி வரையப்பட்டது.

அந்த இரத்தம் பொஸ்டன் நகருக்கு விமானத்திற் சென்றது. 1983இல் ஜேம்ஸ் குசெல்லாவும் உடனாய்வாளரும் நோய்க்குரிய அடையாளம் நான்காம் நிறமூர்த்தத்தில் இருப்பதைக் கண்டனர். பத்து ஆண்டுகள் கழித்து, 1993இல், 58 விஞ்ஞானிகள் சேர்ந்து அப்பரம்பரையலகையே கண்டுபிடித்தனர். உலகெங்கும் இன்று நடைபெறும் இரத்தப் பரிசோதனை அக்கண்டுபிடிப்பில் விளைந்தது. மரக்காய்போ மீனவரின் கைகளில் ஊசி ஏறாதிருந்தால் அதற்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் சென்றிருக்குமோ!

கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது யாது? 1999இல் அன்பும் விசுவாசமும் என்னும் பொருள்படும் பெயருடன் மரக்காய்போவில் ஒரு பராமரிப்பு இல்லம் திறக்கப்பட்டது. நோயாளிகள் அங்கே வயிறார உண்டனர். படுக்கையும் வைத்தியமும் பெற்றனர். வெனிசூலாவின் பொருளாதாரம் சரிந்த காலத்தில் அதுவும் மூடப்பட்டது. பெரும்பேர் பெற்ற கண்டுபிடிப்புக்கு வித்திட்டவர்கள் மீண்டும் பசியில் விடப்பட்டனர்.

ஆகையினாலே, இத்தகைய குடும்பங்களுக்குச் செய்வதைத் தருமம் என்று அழைக்க எமக்கு மனம் ஒப்பவில்லை. தருமம் என்றவுடன் கொடுப்பவன் கை மேலும் வாங்குபவன் கை கீழுமாகி விடுகின்றன. இங்கே முதலிற் கொடுத்தவர் ஏரிக்கரையார், வாங்கியது உலகம். வாங்கியவர் திருப்பிக் கொடுப்பதற்குக் கடனிறுத்தல் என்பதே சரியான பெயர். ஆராய்ச்சிக்குச் செலவிட்ட பணமே அம்மக்களுக்குச் செய்த உதவியாகும் என்று வாதிப்பாரும் உளர். மருந்து பிறக்கும் நாள்வரை உயிரோடிருக்க அவர்களுக்குச் சோறு வேண்டும் என்பதை அவ்வாதம் மறந்துவிடுகின்றது.

இக்கடனை உணர்ந்தோரும் இல்லாமலில்லை. இந்நோய் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த இக்னாசியோ முனோஸ் சன்ஹுவான் என்னும் விஞ்ஞானி, ஆய்வுகூடத்தோடு நில்லாது, 2012இல் ஃபக்டர்-எச் என்னும் அமைப்பைத் தொடங்கினார். வெனிசூலா, கொலம்பியா முதலிய நாடுகளில் இந்நோயுற்ற குடும்பங்களுக்கு உணவும் மருந்தும் சேர்ப்பதும், நோயாளரின் பிள்ளைகளுக்குக் கைகொடுப்பதும் அதன் வேலை. பிள்ளைகளைத் தேர்ந்தமை எமக்குச் சிறப்பாகத் தோன்றுகின்றது. தந்தை படுக்கையில் விழ, தாய் அவரைப் பார்க்க வேலையை விட, மூத்த பிள்ளை பள்ளியை விடுகின்றது. நாணயம் அப்பிள்ளைக்கு நல்ல பக்கமாக விழுந்திருந்தாலும், நோய் வராமலே அதன் வாழ்வு கெட்டுப்போகின்றது. எம் போன்ற ஆசிரியர் கண்ணுக்கு இந்த நட்டம் முதலிற் படுவது இயல்பே.

2017 மே மாதம் 18ஆம் திகதி, இந்நோயுற்ற குடும்பங்கள் பல நாடுகளிலிருந்து வத்திக்கானில் ஒன்று கூடின. தென்னமெரிக்க ஏழைக் குடும்பங்களும் அழைத்து வரப்பட்டிருந்தன. அப்போதைய பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களைச் சந்தித்து, கட்டித் தழுவி ஆசி கூறினார். இனி மறைவில்லை என்பதே அக்கூட்டத்தின் வாசகம். ‘அந்தக் கோளாறு’ என்று லோங் ஐலண்டில் முணுமுணுக்கப்பட்டது, 145 ஆண்டுகளின் பின் பெயர்சொல்லிப் பேசப்பட்டது.

நான்சி வெக்ஸ்லர் தாம் பரிசோதனை செய்துகொண்டாரா என்பதை நெடுங்காலம் வெளியிடவில்லை. 2020ஆம் ஆண்டில், தமது எழுபத்து நாலாவது வயதில், அந்நோய் தமக்கும் உண்டு என்று பகிரங்கமாக அறிவித்தார். உடலசைவைக் கண்டோர் முன்னரே ஊகித்திருந்தனர். எனினும் அவர் வாயாற் சொன்னது பல குடும்பங்களுக்குத் துணிவளித்தது.

2025 செப்டெம்பரில் ஒரு நற்செய்தி வந்தது. மரபணுச் சிகிச்சை ஒன்று, சிறு தொகையினரான நோயாளரிடம் மூன்று ஆண்டுகள் கவனித்ததில், நோயின் வளர்ச்சியைப் பெரிதும் தாமதப்படுத்தியதாக அதனைத் தயாரித்த நிறுவனம் அறிவித்தது. மண்டையோட்டில் துளையிட்டு மூளையின் ஆழத்திலே மருந்தைச் செலுத்தும், பல மணிநேரம் நீளும் சத்திரசிகிச்சை அது. அதற்கு வேண்டிய கருவிகளும் நிபுணரும் பெருநகர்களின் பெரிய வைத்தியசாலைகளிலேதான் உள்ளனர். மரக்கால் வீடுகள் நிற்கும் ஏரிக்கரைக்கு இப்போதைக்குப் போய்ச் சேர்வன உணவுப் பொதிகளும், மாத்திரைகளும், பிள்ளைகளுக்கான சிறு உதவிகளுமே.