விறகு லாரியின் எடைச் சீட்டு

திருப்பூரில் சாயப்பட்டறை நடத்தும் யாரிடமும் டி.டி.எஸ். பற்றிக் கேட்டுப் பாருங்கள், பாடமே நடத்திவிடுவார். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு வகைகளின் அளவு அது. பேனா மாதிரி ஒரு சின்ன மீட்டர் இருக்கிறது. தண்ணீரில் முக்கினால் எண் தெரிந்துவிடும். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு ஓடியது. ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாகிப் போனது. பாசனம் இழந்த விவசாயிகள் வழக்குத் தொடுத்தார்கள். கடைசியில், 2011 ஜனவரியில், 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த அடியில் ஊர் மனப்பாடம் செய்துகொண்ட மூன்றெழுத்து டி.டி.எஸ்.

இப்போது அதே ஊரிடம் வேறோர் எண்ணைக் கேட்கிறார்கள். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்துதான் கப்பலேறுகிறது; 2024-25இல் அதன் மதிப்பு சுமார் 40,000 கோடி ரூபாய். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய, அமெரிக்க பிராண்டுகள். விலை, டெலிவரி தேதி, சாயம் நிற்குமா என்பதையெல்லாம் பேசி முடித்த பிறகு, சென்ற ஆண்டு உங்கள் ஆலை எத்தனை டன் கார்பன் வெளியேற்றியது என்றும் அவர்கள் கேட்கிறார்கள்.

இதற்கு முக்கிப் பார்க்கும் மீட்டர் கிடையாது. புகையை யாரும் சாக்கில் பிடித்து நிறுத்துப் பார்ப்பதில்லை. உலகம் முழுக்க நிறுவனங்கள் செய்வதெல்லாம் கணக்கு. எரித்தது எவ்வளவு, அந்தப் பொருள் ஒரு அளவு எரிந்தால் எவ்வளவு வாயு வரும், இரண்டையும் பெருக்கு. ஆகவே கார்பன் கணக்கு தொடங்கும் இடம் கணக்குப்பிள்ளையின் மேஜை. மின்கட்டண ரசீது, டீசல் பில், எடைமேடையில் விறகு லாரிக்குக் கொடுத்த சீட்டு, ஏ.சி. மெக்கானிக் கேஸ் நிரப்பியதற்கு எழுதிக் கொடுத்த துண்டுக் காகிதம் என்று எல்லாம் அங்கேதான் கம்பியில் குத்திக் கிடக்கின்றன. எடைச் சீட்டு தொலைந்தால் அந்த மாதத்துக் கணக்கும் தொலைந்தது.

கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் மட்டும் செய்யும் நடுத்தர பனியன் கம்பெனி ஒன்றை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். மாதம் 20,000 யூனிட் மின்சாரம், ஜெனரேட்டருக்கு 500 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கரியமில வாயு வரும். இந்த இடத்தில் பலருக்குச் சந்தேகம் வந்துவிடும். ஒரு லிட்டர் டீசலின் எடையே ஒரு கிலோவுக்குக் குறைவு, அதிலிருந்து இரண்டரைக் கிலோவுக்கு மேல் வாயு எப்படி வரும்? மிச்ச எடை காற்றிலிருந்து வருகிறது. 12 கிராம் கார்பன் எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனில் 32 கிராமை இழுத்துக்கொண்டு 44 கிராம் கரியமில வாயுவாகிறது. அப்படிப் பார்த்தால் 500 லிட்டருக்கு 1.34 டன்.

மின்சாரத்துக்கு மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் ஒரு சராசரியை வெளியிடுகிறது. இந்தியாவின் மின்தொகுப்பிலிருந்து ஒரு யூனிட் எடுத்தால், எங்கோ ஒரு மின்நிலையத்தின் புகைபோக்கியில் சுமார் 0.73 கிலோ வாயு வெளியேறியிருக்கிறது என்பது 2023-24க்கான மதிப்பு. 20,000 யூனிட்டுக்கு 14.6 டன். ஜெனரேட்டர் கடகடவென்று கறும்புகை விடுவதால் எல்லோர் கண்ணும் அதன்மேல்தான். சத்தமில்லாமல் சுவிட்ச் வழியே வருவதோ அதைப் போல் பத்து மடங்குக்கும் மேல்.

ஏ.சி.யில் கசியும் வாயுவை யாரும் நினைத்தே பார்ப்பதில்லை. பல குளிர்சாதனங்களில் இருக்கும் ஆர்-410ஏ என்ற வாயு, புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிடச் சுமார் 2,000 மடங்கு வலியது. வருஷத்தில் இரண்டு கிலோ கசிந்தால் 4 டன். நம் கம்பெனி மூன்று மாதம் ஜெனரேட்டர் ஓட்டியதற்குச் சமம். மெக்கானிக்கின் அந்தத் துண்டுக் காகிதத்துக்கு அவ்வளவு கனம்.

எதை யார் கணக்கில் எழுதுவது என்பதற்கு ஓர் ஒழுங்கு 2001இல் வந்தது. அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட உலக வள ஆய்வு நிறுவனமும், நீடித்த வளர்ச்சிக்கான உலக வணிகக் கூட்டமைப்பும் சேர்ந்து உருவாக்கிய ஜி.எச்.ஜி. புரோட்டோகால் அது. நம் மதிற்சுவருக்குள் நாமே எரிப்பதும், நம் இயந்திரத்திலிருந்து கசிவதும் ஸ்கோப் 1. நமக்காக வேறிடத்தில் எரித்துத் தரும் மின்சாரம் ஸ்கோப் 2. வாங்கும் பொருளிலும் விற்ற பொருளிலும் லாரியிலும் கப்பலிலும் வாடிக்கையாளர் வீட்டிலும் நடப்பதெல்லாம் ஸ்கோப் 3. அந்த மூன்றாவதில் மட்டும் 15 வகைகள்.

ஆடைத் தொழிலில் விஷயமே இந்த மூன்றாவதில்தான் இருக்கிறது. ஒரு டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பருத்திக் காட்டுக்குப் போட்ட யூரியாவிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு கிளம்புகிறது; கரியமில வாயுவைவிட 270 மடங்குக்கு மேல் சூடேற்றுவது அது. பஞ்சு மில்லுக்குப் போகிறது, அங்கே இராப்பகலாக ஸ்பிண்டில்கள் சுழல்கின்றன. நூல் திருப்பூருக்கு வந்து நிட்டிங்கில் துணியாகிச் சாயப்பட்டறைக்குப் போகிறது. அங்கே பாய்லர், நீராவி, கொதிக்கும் சாயக் குளியல், பிறகு துணியை உலர்த்தும் ஸ்டென்டர். கடைசியில் தையல். பிராண்டின் தலைமை அலுவலகம் ஸ்டாக்ஹோமிலோ லண்டனிலோ இருக்கிறது. அங்கே எரிவது விளக்கும் காபி இயந்திரமும்தான். அவர்களது ஸ்கோப் 3, சாயப்பட்டறைக்காரரின் ஸ்கோப் 1. ஒரே புகை இரண்டு பேரேட்டிலும் ஏறுகிறது. தெரிந்தேதான் அப்படி வைத்திருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் பொறுப்பு இருக்கட்டும் என்று.

வாங்கியவர் வீடும் கணக்கில் உண்டு. லீவைஸ் நிறுவனம் தன் 501 ஜீன்ஸ் ஒன்றை விதையிலிருந்து குப்பைவரை தொடர்ந்து பார்த்து, 2015இல் ஒரு கணக்கு வெளியிட்டது. மொத்தம் 33.4 கிலோ, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், வாங்கியவர் துவைத்து உலர்த்துவதில். வெயிலில் கொடி கட்டிக் காயப்போடும் நம் ஊர் வீட்டில் அந்தப் பங்கு வெகுவாகக் குறையும்.

திருப்பூருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்ற ஏற்பாட்டுக்குள் பட்டறைகள் வந்தன. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுநீரை ஆர்.ஓ. சவ்வுகளின் வழியே அழுத்தி நல்ல தண்ணீரை மீட்கிறார்கள். எஞ்சும் அடர்ந்த உப்புநீரை ஆவியாக்கிகளில் காய்ச்சி உப்பைத் தனியே எடுக்கிறார்கள். ஆற்றுக்கு இது பேருதவி. ஆனால் அழுத்த மின்சாரம் வேண்டும், காய்ச்ச நீராவி வேண்டும். தண்ணீர்க் கணக்கில் வரவு வைத்தது கார்பன் கணக்கில் செலவாக ஏறுகிறது. ஆறு போனால் போகட்டும் என்று இதற்காகத் திரும்பிப் போக முடியாது, போகவும் கூடாது. இரண்டு கணக்கையும் ஒன்றாகக் குறைக்கும் வழி, சாயமேற்றும் இடத்திலேயே தண்ணீரைக் குறைப்பது. ஒரு கிலோ துணிக்கு ஒரு குளியலில் பத்து லிட்டருக்கு மேல் கேட்ட பழைய இயந்திரங்கள் இருந்த இடத்தில், ஐந்தாறு லிட்டரில் முடிக்கும் சாஃப்ட் ஃப்ளோ இயந்திரங்கள் வந்துகொண்டிருக்கின்றன. கொதிக்க வைக்க வேண்டிய தண்ணீரும் குறைவு, பிறகு காய்ச்ச வேண்டிய கழிவும் குறைவு.

பாய்லரில் எரிவது பெரும்பாலும் விறகு. இங்கேதான் கணக்குப் புத்தகத்தின் ஒரு விநோத விதி வருகிறது. விறகு எரியும்போதும் கரியமில வாயு வரத்தான் செய்கிறது. ஆனால் அதை மூன்று ஸ்கோப்களிலும் சேர்க்காமல் தனியே ஒரு வரியில் காட்டச் சொல்கிறது புரோட்டோகால். மரம் வளர்ந்தபோது காற்றிலிருந்து எடுத்ததைத்தான் திருப்பித் தருகிறது, மறுபடி வளர்ந்தால் மறுபடி எடுத்துக்கொள்ளும் என்பது அதன் நியாயம். மறுபடி வளர்ந்தால் மட்டுமே அந்த நியாயம் செல்லும். வெட்ட வெட்டத் தழைக்கும் சீமைக்கருவேலமும், ஐம்பது வருஷம் நின்ற புளியமரமும் எடைமேடையில் ஒரே மாதிரிதான் நிற்கின்றன. சீட்டில் எடை இருக்கும், லாரி நம்பர் இருக்கும். என்ன மரம், எந்த ஊர்க் காடு என்று இருக்காது. இந்த ஒரு விவரத்தை எழுதச் சொல்லாதவரை விறகுக் கணக்கை முழுதாக நம்புவது கடினம்.

காற்றாலை திருப்பூரின் பலம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றை நம்பிப் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலை போட்ட பனியன் கம்பெனிகள் ஏராளம். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் இறக்கைகள் சுழன்று கொட்டும் யூனிட்டை மின்வாரியக் கணக்கில் கழித்துக்கொள்கிறார்கள். புரோட்டோகாலின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டி இதற்காகவே ஸ்கோப் 2-ஐ இரண்டு விதமாக எழுதச் சொல்கிறது: அந்தப் பகுதி மின்தொகுப்பின் சராசரிப்படி ஒன்று, நிறுவனம் போட்ட ஒப்பந்தப்படி ஒன்று. அறிக்கையின் முகப்பில் பெரிய எழுத்தில் அச்சாவது பெரும்பாலும் இரண்டாவது. டிசம்பர் இராத்திரியில் ஓடும் பாய்லர் ஃபேனுக்கு ஆடி மாதக் காற்றைக் கணக்குக் காட்டுவது சரியா, மணிக்கு மணி பொருந்த வேண்டாமா என்ற விவாதம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

சட்டம் எங்கே நிற்கிறது? பங்குச் சந்தையில் பட்டியலிட்ட முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற அறிக்கை தர வேண்டும் என்று செபி விதித்திருக்கிறது. அதில் முதல் இரண்டு ஸ்கோப்கள் கட்டாயக் கேள்விகள், மூன்றாவது விருப்பம். ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல் முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவந்த எல்லைக் கார்பன் கட்டணம் இரும்பு, அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்கு. ஆடை அதில் இல்லை. இந்தியாவின் கார்பன் வர்த்தகத் திட்டத்துக்குத் தேர்ந்த 9 துறைகளில் ஜவுளியும் ஒன்று, ஆனால் அது பெரிய ஆலைகளைக் குறிவைத்தது. இருபது பவர் டேபிள் வைத்திருக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டை இவை எதுவும் தொடுவதில்லை. அதைத் தொடுவது பையரின் கேள்வித்தாள்.

அந்தக் கேள்வித்தாளின் பின்னால் பெரிய வாக்குறுதிகள் நிற்கின்றன. 2019ஐ அடிப்படை ஆண்டாக வைத்து, 2030க்குள் 56 சதவீதம் குறைப்போம் என்கிறது எச் அண்ட் எம். இத்தகைய அறிவிப்பைப் படிக்கும்போது பார்க்க வேண்டியது, குறைப்பது மொத்த டன்னா, ஒரு உருப்படிக்கான கிராமா என்பது. உருப்படிக்கு 20 சதவீதம் குறைத்துவிட்டு, உருப்படிகளை இரண்டு மடங்காக்கினால் வானத்துக்குப் போவது கூடத்தான் செய்யும். எச் அண்ட் எம் சொல்வது மொத்த அளவு. அதனால்தான் அது கடினம். மைக்ரோசாஃப்டின் அனுபவம் இதற்குச் சாட்சி. 2030க்குள் வெளியிடுவதைவிட அதிகமாக உறிஞ்சிவிடுவோம் என்று 2020இல் அறிவித்த நிறுவனம், 2024இல் தந்த அறிக்கையில் தன் மொத்த வெளியேற்றம் 2020ஐவிட 29 சதவீதம் கூடிவிட்டது என்று ஒப்புக்கொண்டது. புதிதாகக் கட்டிய தரவு மையங்களின் கம்பியும் சிமெண்டும் சிப்புகளும் ஸ்கோப் 3-இல் வந்து உட்கார்ந்துவிட்டன. அந்த எண்ணை மறைக்காமல் அச்சிட்டதை மதிக்க வேண்டும்.

குறைக்க முடியாததற்கு ஈடாக எங்காவது மரம் நட்டுக் கழித்துக்கொள்கிறோம் என்பவர்கள் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. ஆப்பிள் தன் கைக்கடிகாரத்தை கார்பன் நடுநிலையானது என்று விளம்பரம் செய்யக் கூடாது என 2025 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஈடாகக் காட்டியது பராகுவே நாட்டுத் தைலமரத் தோப்புகள். அவற்றில் 75 சதவீத நிலத்தின் குத்தகைக்கு 2029க்குப் பிறகு உறுதியில்லை. வெளியேறிய வாயுவோ நூற்றாண்டுகள் காற்றில் நிற்கும்.

உண்மையான குறைப்பு பார்வைக்குச் சாதாரணமாகத்தான் இருக்கும். பழைய தையல் மிஷினில் கிளட்ச் மோட்டார். ஊசி நின்றாலும் மேஜைக்கடியில் அது உறுமிக்கொண்டே இருக்கும். டெய்லர் துணியை அடுக்கிச் சேர்த்துப் பிடிக்கும் நேரமெல்லாம் வீண் ஓட்டம். சர்வோ மோட்டார் பெடலை மிதித்தால்தான் ஓடும். மோட்டாரின் மின்செலவு பாதிக்கு மேல் குறைகிறது. மாற்றிய யூனிட்டுக்குள் நுழைந்தால் முதலில் தெரிவது அந்த அமைதிதான். சாயப்பட்டறையில் நீராவிக் குழாய்க்கு உறை போடுவது, ஒழுகும் ஸ்டீம் டிராப்பை மாற்றுவது, குளிர்ந்து நீரான நீராவியைச் சூடு ஆறுவதற்குள் பாய்லருக்கே திருப்புவது. எல்லாம் ஃபிட்டர் செய்யும் வேலை. செலவும் சில மாதங்களில் விறகு மிச்சத்தில் திரும்பிவிடக் கூடியது. ஆகவே இதற்குப் பலர் யோசிப்பதில்லை.

யோசிக்க வைப்பது அடுத்த கட்டம்: புது சாய இயந்திரம், புது பாய்லர், கூரை முழுக்க சோலார். பையருடன் விலை பேசும்போது மேஜையில் கிடக்கும் காஸ்டிங் ஷீட்டில் நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், தையல் கூலி, அக்சஸரீஸ், பேக்கிங், துறைமுகம்வரை லாரி வாடகை என்று வரிசையாக இருக்கும். கார்பனுக்கு ஒரு வரி இருக்காது. கேள்வித்தாள் அனுப்பும் பிரிவு வேறு, விலையில் ஐந்து சென்ட் குறை என்று நெருக்கும் பிரிவு வேறு. டன்னைக் கேட்கிறவர் அதைக் குறைக்கும் செலவிலும் பங்கெடுக்க வேண்டும் என்பதுதான் நேர்மை. சில அசைவுகள் தெரிகின்றன. எச் அண்ட் எம் நிறுவனமும் டி.பி.எஸ். வங்கியும் சேர்ந்து, எச் அண்ட் எம்முக்குத் துணி தரும் ஆலைகளுக்கான கடன் திட்டம் ஒன்றை 2024இல் அறிவித்தன. ஆனாலும் கடன் கடன்தான். புது பாய்லருக்கான தவணை பல வருஷம் ஓடும். பட்டறைக்காரர் கையிலிருக்கும் ஆர்டர் அடுத்த சீசன்வரைக்கும்தான்.