பிழையின்றி ஆங்கிலம் – 9: ‘டிட்’ வந்த பிறகு ‘வென்ட்’ எதற்கு?

‘ஐ டிட் நாட் வென்ட்.’ பத்தாம் வகுப்பு விடைத்தாளிலும் இது உண்டு, அலுவலக மின்னஞ்சலிலும் உண்டு. ‘வென்ட்’டை அடித்து ‘கோ’ என்று எழுதிக் கொடுத்தால் தீர்ந்துவிடுமா? தீராது. அப்படித் திருத்தப்பட்டவர் மறுநாளே ‘டிட் யூ கேம்?’ என்று கேட்பார். காரணம் பிடிபடாதவரை ஒவ்வொரு வினைச்சொல்லிலும் இது புதிதாக முளைக்கும்.

தமிழிலிருந்தே தொடங்குவோம். ‘வந்துகொண்டிருந்தான்’, ‘வந்துகொண்டிருப்பான்’. ‘வந்து’வும் ‘கொண்டு’ம் அசையவில்லை, நேற்றா நாளையா என்று சொல்வது கடைசியில் நிற்கும் ‘இருந்தான்’, ‘இருப்பான்’ மட்டுமே. ஆங்கிலத்தில் இது தலைகீழ். அங்கே வினைத்தொடரின் முதல் சொல்தான் காலம் காட்டும். ‘இஸ் கமிங்’, ‘வாஸ் கமிங்’ இரண்டிலும் ‘கமிங்’ அப்படியே இருப்பதைப் பாருங்கள்.

ஆகவே ‘டிட்’ முன்னால் வந்ததுமே இறந்தகாலம் சொல்லப்பட்டாயிற்று. பின்னால் வருவது வெறும் ‘கோ’. ‘டஸ்’ வந்தால் அதிலேயே ‘ஸ்’ இருக்கிறது. ‘டஸ் நாட் வொர்க்ஸ்’ என்று இன்னொன்றைச் சேர்க்க வேண்டாம். ‘ஷி கேன் ஸ்பீக்ஸ்’ தவறாவதும் ஏறக்குறைய இதனால்தான்.

நம் ‘போகவில்லை’யில் காலமே கிடையாது. நேற்றும் போகவில்லை, இப்போதும் போகவில்லை. ஆங்கிலமோ எதிர்மறையிலும் காலத்தை விடுவதில்லை. அந்தப் பதற்றத்தில் நாம் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுவிடுகிறோம் என்று நினைக்கிறேன். முழுப் பழியையும் தமிழ்மேல் போடவும் முடியாது. ஆங்கிலம் தாய்மொழியான குழந்தைகளும் மூன்று நான்கு வயதில் ‘டிட்’டோடு ‘வென்ட்’டைச் சேர்ப்பதுண்டு.

இத்தனைக்கும் இந்த ‘டூ’ ஏற்பாடு மிகப் பழையது அல்ல. ஷேக்ஸ்பியர் காலத்தில் வினைச்சொல்லுக்குப் பின்னால் ‘நாட்’ போட்டாலே எதிர்மறைதான். ‘ஐ கோ நாட்’ என்பதில் யாரும் குறை காண மாட்டார்கள். 1611-இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் பைபிளிலும் பெரும்பாலும் அந்த முறைதான். பிறகு ‘டிட்’டும் ‘டஸ்’ஸும் மெல்ல அந்த வேலையை எடுத்துக்கொண்டன.

விதி தெரிந்ததும் எல்லாக் கேள்வியிலும் ‘டிட்’டைத் திணிப்பவர்களும் உண்டு. ‘யார் வந்தார்?’ என்பது ‘ஹூ கேம்?’ தான். கேட்கப்படுவதே எழுவாய் என்றால் ‘டிட்’ தேவையில்லை. ‘யாரைச் சந்தித்தாய்?’ என்று செயப்படுபொருளைக் கேட்டால்தான் ‘ஹூ டிட் யூ மீட்?’

எதிர்மறையும் இல்லை, கேள்வியும் இல்லை, ஆனாலும் ‘டிட்’ வரும் இடம் ஒன்று உண்டு. ‘ஐ டிட் டெல் யூ.’ இதற்கு நம்மிடம் ஓர் ஏகாரம் போதும்: ‘சொன்னேனே!’ சாதாரணமாகச் சொல்ல நினைத்து இப்படிப் பேசினால், கேட்பவர் தன்னோடு சண்டைக்கு வருவதாக நினைத்துக்கொள்வார்.

கடைசியாக, ஆங்கிலேயர்களே சறுக்கும் இடம்: ‘யூஸ்ட் டு’. ‘டிட்’ வந்தால் இதன் ‘டி’யும் போக வேண்டும்: ‘டிட் யூ யூஸ் டு லிவ் ஹியர்?’ பேச்சில் இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதால் பிழை காதில் விழாது, எழுதும்போதுதான் மாட்டிக்கொள்ளும். ‘டி’ போட்டு அச்சான ஆங்கிலப் புத்தகங்களும் உண்டு. அதைச் சாட்சியாக வைத்துத் தேர்வில் எழுதிவிடாதீர்கள், மதிப்பெண் போகும்.