அறிவும் ஒரு முதலே

நிலம், நீர், விதை, ஏர் ஆகியவற்றையே உழவின் முதல் என்று நாம் எண்ணி வருகிறோம். அவற்றைக் கையாளும் மனிதனின் அறிவும் முதலே என்று 1960-இல் வலியுறுத்தினார் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் தியோடர் ஷூல்ட்ஸ். பண்ணையில் பிறந்து வளர்ந்த அவருக்கு 1979-இல் நோபல் பரிசு கிடைத்தது.

தென் கொரியாவைப் பார்ப்போம். போரினால் சிதைந்த அந்நாட்டில் 1960-இல் ஒருவரின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 160 டாலரே. இன்றோ அது 30,000 டாலருக்கு மேல். நிலச் சீர்திருத்தமும் ஏற்றுமதித் தொழில்களும் இதற்குத் துணை நின்றன. ஆயினும், தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கி, 1950-களின் இறுதிக்குள் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளையும் பள்ளியில் சேர்த்திராவிடில், அத்தொழில்களுக்குத் தேர்ந்த கைகள் ஏது?

பள்ளியில் சேர்த்தால் மட்டும் போதுமா? போதாது. 1960-இல் லத்தீன் அமெரிக்க மக்கள் பள்ளியில் பயின்ற ஆண்டுகள், சராசரியாகக் கிழக்காசிய மக்களுடையதைவிட அதிகம். எனினும், பின்னர் வளர்ச்சியில் முந்தியது கிழக்காசியாவே. பல நாட்டு மாணவரின் கணித, அறிவியல் தேர்வுகளை ஒப்பிட்ட ஹனுஷெக், வோஸ்மன் என்னும் அறிஞர்கள், வளர்ச்சியோடு நெருங்கிய தொடர்புடையது படித்த ஆண்டுகள் அல்ல, உண்மையில் கற்ற அளவே என்று கண்டனர்.

ஆகவே, பஞ்சாயத்து உறுப்பினர்களாகிய நாம் வருகைப் பதிவேட்டைக் கண்டு மகிழ்வதோடு நின்றுவிடலாகாது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு பத்தியைத் தடையின்றிப் படிக்கிறதா, உரமூட்டையின் விலைக்கணக்கைப் போடுகிறதா என்றும் கேட்டறிய வேண்டும். கிணறு வெட்டினால் அடுத்த போகத்திலேயே பலன் தெரியும். கல்வியின் விளைச்சலைக் காண இருபது ஆண்டுகள் ஆகும். அதனாலேயே அதனை இன்றே விதைத்தல் வேண்டும்.