அம்மாவின் மூன்று கிளினிக் கொப்பிகள்

அம்மாவிடம் மூன்று கிளினிக் கொப்பிகள் இருக்கின்றன. ஒன்று பிறஷருக்கு, ஒன்று நாரி நோவுக்கு, மற்றது உளநலப் பிரிவுக்கு. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் அண்ணாவைத் தவறவிட்டோம். இன்றுவரை தகவல் இல்லை. அந்த விடயம் நெடுங்காலம் மூன்று கொப்பிகளில் ஒன்றிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

முதலில் நெஞ்சு இடிக்கிறதென்றுதான் அம்மா வைத்தியசாலைக்குப் போனார். ஈசிஜி நல்லாயிருந்தது. "யோசிக்காதேங்கோ அம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஆட்கள் "மனம் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு போவதில்லை. தலையிடி, உடம்பு உளைவு, பெருமூச்சு, யோசனை என்றுதான் சொல்வார்கள். போர் எங்கள் உடல்மொழிக்குள் எப்படிப் புகுந்தது என்பதை உளமருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகளாக எழுதி வந்திருக்கிறார். ஆனாலும் "விசர்" என்ற சொல்லுக்குப் பயந்து, உளநலப் பிரிவின் வாசலுக்குப் போக எங்களுக்குச் சில வருடங்கள் எடுத்தன.

போன பிறகும் சுலபமாக இருக்கவில்லை. வாங்கில் காலையிலிருந்து இருந்தால், வைத்தியரிடம் கிடைப்பது சில நிமிடங்கள். வெளியே அவ்வளவு சனம் காத்திருந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. அம்மா "நித்திரை இல்லை" என்றார், நித்திரைக்குக் குளிசை கிடைத்தது. அடுத்த தவணையில் வேறு வைத்தியர் இருந்தார், திரும்பவும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. பிறகு ஒரு திட்டத்தில் வந்த உளவளத்துணையாளர் நல்ல பிள்ளை. அம்மா அவரிடம் அண்ணாவின் சேட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிய நேரம் திட்டம் முடிந்துவிட்டது. "இனி ஆரிட்டயும் வாய் திறக்கமாட்டன்" என்றார் அம்மா.

உதவி இருந்தும் ஏன் பலிக்கவில்லை? அம்மாவுக்கு இருந்தது ஒரு பிரச்சினை அல்ல என்பதுதான் காரணம்.

ஒரு விபத்துக்குப் பின் வரும் அதிர்ச்சி வேறு. மாதக்கணக்காக ஷெல்லுக்குள்ளும் பங்கருக்குள்ளும் தப்பியோட வழியில்லாமல் இருந்தவர்களுக்கு வருவது வேறு. 2022 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11 ஆவது பதிப்பு இதைச் 'சிக்கலான' மனவடு நோயாகத் தனியாகப் பிரித்திருக்கிறது. கெட்ட கனவு, நினைவூட்டுபவற்றைத் தவிர்த்தல், எப்போதும் ஆபத்து வருமென்ற பயம் ஆகியவற்றோடு, உணர்வுகளை அடக்க முடியாமை, "நான் ஒன்றுக்கும் உதவாதவள்" என்ற எண்ணம், உறவுகளிலிருந்து விலகுதல் ஆகியவையும் சேர்ந்திருக்கும். இதற்கு மேல் அம்மாவுக்குக் காணாமற்போன மகனின் துயரம். அந்தியேட்டி செய்யவும் முடியாது, காத்திருப்பை நிறுத்தவும் முடியாது. நித்திரைக் குளிசை இதில் எதைத் தொடும்?

இதற்கான சிகிச்சை படிப்படியானது. முதலில் நித்திரையும் பாதுகாப்பு உணர்வும் வர வேண்டும். அதன் பிறகே நடந்ததை, பயிற்சி பெற்ற ஒருவரோடு, ஆறுதலாகக் கதைக்கலாம். பிறகுதான் உறவுகளுக்குள்ளும் ஊருக்குள்ளும் திரும்புதல். முதல் நாளே எல்லாவற்றையும் கிண்டினால் நிலைமை மோசமாகலாம். மனச்சோர்வுக்கான குளிசைகள் வேலைசெய்யச் சில வாரங்கள் எடுக்கும். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றும் பதற்றமும் வரலாம். அம்மா இரண்டு தடவை அப்படி நிறுத்தியிருந்தார்.

கடைசியில் நான் செய்தது சின்ன விடயம். ஒரு பக்கத்தில் எழுதினேன்: என்ன நடந்தது, எப்போதிருந்து என்ன குணங்குறிகள், எந்தக் குளிசைகள், எதை ஏன் நிறுத்தினார், மூன்று கிளினிக்குகளிலும் என்ன சொன்னார்கள். வீட்டுக்குக் கிட்டவுள்ள சிறிய வைத்தியசாலையின் உளநல மருத்துவ உத்தியோகத்தர் அதை முழுவதுமாக வாசித்தார். "தங்கச்சி, இது இல்லாட்டி நானும் நித்திரைக்குத்தான் எழுதியிருப்பன்" என்றார். அன்றைக்குத்தான் அம்மாவின் கொப்பியில் அண்ணாவின் பெயர் ஏறியது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அந்த ஒரு பக்கத்தை எழுதிக் கொண்டுபோங்கள். எல்லாக் கொப்பிகளையும் ஒரே வைத்தியரிடம் காட்டுங்கள். அடுத்த தவணையும் அவரிடமே வர முடியுமா என்று கேளுங்கள். குளிசை எழுதுபவர் உளமருத்துவர், கதைத்து உதவுபவர் உளவளத்துணையாளர். இரண்டு பேரும் தேவைப்படலாம். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், விசாரியுங்கள். திட்டத்தில் வருபவரிடம் "எவ்வளவு காலம் இருப்பீங்கள், பிறகு ஆரிட்ட விடுவீங்கள்?" என்று முதலிலேயே கேளுங்கள். அது எங்கள் உரிமை.

வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் தவணைக்குக் காத்திருக்க வேண்டாம். கிட்டவுள்ள வைத்தியசாலைக்கு உடனே போங்கள், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழையுங்கள்.

அம்மா சுகமாகிவிட்டார் என்று எழுத எனக்கு ஆசை. அப்படி இல்லை. இப்போது இரவில் நாலு மணித்தியாலம் தொடர்ந்து படுக்கிறார். கோயிலுக்குத் தனியப் போய்வருகிறார். அண்ணாவைப் பற்றிக் கேட்டால் எழும்பிப் போவதில்லை, இருந்து கதைக்கிறார்.