அஞ்ச வேண்டாத ஒருவர்

உடல்நலம் என்று சொன்னால் ஓடி விளையாடும் ஒரு பிள்ளையின் உருவம் நம் மனக்கண்முன் வந்து நிற்கிறது. மனநலம் என்று சொன்னாலோ, மருத்துவமனையின் வாயிற்படிதான் நினைவுக்கு வருகிறது. நலம் என்னும் சொல் இரண்டிலும் ஒன்றே. ஆயினும் முன்னதில் அது நலத்தையே குறிக்க, பின்னதில் நோயைக் குறிப்பதாக நாம் ஏனோ பழகிவிட்டோம்.

மனநலம் உடைய பிள்ளை எப்பொழுதும் சிரித்துக்கொண்டிருக்கும் பிள்ளை அன்று. தேர்வில் தோற்றால் அதற்கும் அழுகை வரும். பாட்டி இறந்தால் பல நாள் வாடும். தோழனோடு பிணங்கினால் அன்றிரவு அதற்குச் சோறு இறங்காது. ஆனால் அழுதபின் எழுந்து வரும். தன் துயரை எடுத்துச் சொல்ல அதற்கு ஓர் ஆள் இருக்கும். தான் வராவிட்டால் இவ்விடத்தில் ஒரு குறை தோன்றும் என்ற எண்ணமும் இருக்கும். இவற்றுள் முதலாவது, ஓரளவு பிள்ளையின் இயல்பைப் பொறுத்தது. மற்ற இரண்டும் அதனைச் சுற்றியிருப்பவர்களைப் பொறுத்தவை. பள்ளிக்கூடம் செய்யக்கூடியது பெரும்பாலும் அவ்விரண்டிலேதான்.

பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தார் 2015-16-ஆம் ஆண்டுகளில், தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். 13 முதல் 17 வயதுக்கு உட்பட்டவர்களில் 100-க்கு 7 பேருக்குச் சற்று மேலாக, ஏதேனும் ஒரு மனநலக் குறை இருப்பதாக அதில் தெரியவந்தது. 40 பேர் கொண்ட ஒரு வகுப்பில் ஏறத்தாழ மூவர் என்று வைத்துக்கொள்ளலாம். மாணவ நண்பர்களே! மூவர் என்று நான் சொன்னவுடன் உங்கள் வகுப்பில் அவர்கள் யார் யார் என்று தேடத் தொடங்கிவிடாதீர்கள். அப்படிச் சுட்டிக்காட்டப்படுவதற்கு அஞ்சித்தான் அவர்கள் வாய் திறவாமல் இருக்கிறார்கள். மூவரைத் தேடிப் பிடிப்பதைக் காட்டிலும், நாற்பது பேருக்கும் நன்மை தரும்படி அந்தப் பள்ளியின் சூழலையே மாற்றுவது நல்லது.

எப்படி மாற்றுவது? நம் பள்ளிகளுக்கு மிகவும் எளிதாகத் தோன்றும் வழி சொற்பொழிவு. காலை இறைவணக்கக் கூட்டத்தில், வெயில் ஏறிக்கொண்டிருக்கும் வேளையில், பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "கவலைப்படாதீர்கள், மனத்தை உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் அரைமணி நேரம் பேசுவார். கேட்டவர்களுக்குக் கால்வலியைத் தவிர வேறொன்றும் மிஞ்சுவதில்லை. உறுதி வேண்டும் என்பது வாடிய பிள்ளைக்கும் தெரியும். அது தன்னிடம் இல்லையே என்பதுதானே அதன் வாட்டம்!

சொற்பொழிவை விடுத்து, செயல்களின் வழியாக இதைச் செய்து பார்த்த ஓரிடம் உண்டு. பழைய நாலந்தாப் பல்கலைக்கழகத்தின் பெயரை நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்த நாலந்தா மாவட்டம் இன்றைய பீகார் மாநிலத்தில் இருக்கிறது. அங்குள்ள அரசு உயர்நிலைப் பள்ளிகள் 75-ஐத் தேர்ந்து, சீட்டுக் குலுக்குவதுபோல மூன்று தொகுதிகளாகப் பிரித்தார்கள். கோவாவைச் சேர்ந்த சங்கத் என்னும் நிறுவனத்தார் 2015-16-ஆம் பள்ளி ஆண்டில் நடத்திய முயற்சி அது. அதற்கு ஸெஹர் என்று பெயர்; விடியல் என்பது பொருள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 13,000 பேர் அளவில் அதில் இடம்பெற்றார்கள்.

செய்த செயல்களைக் கேட்டால், இவ்வளவுதானா என்று நீங்கள் வியப்பீர்கள். காலைக் கூட்டத்தில் சிறு நாடகமோ உரையாடலோ நடக்கும். திங்கள்தோறும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பிள்ளைகளே எழுதி ஒட்டும் சுவர்ப் பத்திரிகை ஒன்று உண்டு. வலியவர் எளியவரைத் துன்புறுத்துதல், ஆண் பெண் வேற்றுமை, படிக்கும் முறை, போதைப்பொருள் என்று அப்பொருள்கள் அமைந்தன. போட்டிகள் உண்டு. ஆசிரியரும் மாணவரும் பெற்றோரும் சேர்ந்த ஒரு குழு உண்டு. சுவரில் ஒரு பெட்டி மாட்டியிருக்கும். மனத்தில் உள்ளதை எழுதி, பெயர் எழுத விருப்பமில்லையேல் எழுதாமலே, அதில் போடலாம். தனியே பேச விரும்பிய பிள்ளை தனியே வந்து பேசலாம்.

இப்பெட்டியைப் பற்றிச் சற்று நின்று பேச விரும்புகிறேன். நம் மாநிலத்துப் பள்ளிகளிலும் 'மாணவர் மனசு' என்னும் பெயரால் இத்தகைய பெட்டிகள் வைக்கப்பட்டன. பெட்டி செய்வதற்குத் தச்சர் ஒருவர் போதும். அதைப் பயன்படச் செய்வதற்கு வேண்டியது வேறு. ஒரு சிறுமி, கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்று எழுதிப் போடுகிறாள் என்று கொள்ளுங்கள். அடுத்த வாரம் தாழ்ப்பாள் பொருத்தப்பட்டால், அவள் மறுமுறை தன்னை அச்சுறுத்தும் ஒருவனைப் பற்றி எழுதத் துணிவாள். தாழ்ப்பாள் வராமல், "இதை எழுதியவர் யார்?" என்ற விசாரணை வந்தால், அந்தப் பெட்டிக்குள் அதன்பிறகு கடலைத் தோலும் கிழித்த காகிதமுமே விழும். பிள்ளைகள் பெரிய துயரத்தை முதலில் சொல்லமாட்டார்கள். சிறியதொன்றைச் சொல்லி, நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்று பார்ப்பார்கள்.

மீண்டும் நாலந்தாவுக்கு வருவோம். நான் மேலே சொன்ன செயல்கள் அனைத்தும் இரண்டு தொகுதிப் பள்ளிகளில் ஒரேவிதமாக நடந்தன. ஒரு தொகுதியில் அவற்றை நடத்தியவர், அதற்கென்றே பள்ளியில் அமர்த்தப்பட்ட ஒருவர். அவர் மருத்துவர் அல்லர். உளவியல் நிபுணரும் அல்லர். பயிற்சி பெற்ற ஒரு சாதாரண மனிதர். 'மித்ரா', அதாவது நண்பர், என்று அவரை அழைத்தார்கள். இன்னொரு தொகுதியில் அதே பயிற்சியைப் பெற்று, அதே செயல்களை நடத்தியவர் அப்பள்ளியின் ஆசிரியர். மூன்றாவது தொகுதியில், வளரிளம் பருவத்தினருக்கு அரசு ஏற்கெனவே நடத்திவந்த வகுப்புப் பாடம் மட்டுமே.

முடிவு 2018-ல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. மித்ரா இருந்த பள்ளிகளில், இப்பள்ளி நமக்குரியது என்ற உணர்வு பிள்ளைகளிடையே உயர்ந்திருந்தது, மனச்சோர்வு குறைந்திருந்தது, ஒருவரையொருவர் துன்புறுத்துவதும் குறைந்திருந்தது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளிலோ, வகுப்புப் பாடம் மட்டும் நடந்த பள்ளிகளைவிட மேலான பயன் ஒன்றும் காணப்படவில்லை!

செயல் ஒன்றுதான், சுவர்ப் பத்திரிகை ஒன்றுதான், பெட்டியும் ஒன்றுதான். பயன் மட்டும் ஏன் வேறுபட்டது? ஆசிரியர்கள் அன்பில்லாதவர்கள் என்று ஒருவரும் எண்ணிவிடக்கூடாது. நம்மில் பலரை மனிதராக்கியவர்கள் அவர்களே. ஆனால் அவர்களுக்குப் பாடம் முடிக்க வேண்டும்; பதிவேடு நிரப்ப வேண்டும்; தேர்தல் வேலையும் கணக்கெடுப்பு வேலையும் உண்டு. எஞ்சிய நேரத்தில் இதையும் செய் என்றால் அது எஞ்சிய வேலையாகவே நடக்கும். இது ஒரு காரணம். இதனினும் ஆழமான காரணம் ஒன்று இருக்கிறது என்று நான் கருதுகிறேன். ஆசிரியர் கையில் மதிப்பெண் இருக்கிறது. யார் தேறினார், யார் தேறவில்லை என்று எழுதும் கை அது. அந்தக் கையைப் பற்றிக்கொண்டு, "எனக்குப் படிக்கவே பிடிக்கவில்லை, வீட்டில் நாள்தோறும் சண்டை" என்று சொல்லப் பிள்ளைக்கு நா எழுமா? மித்ராவிடம் மதிப்பெண் இல்லை, பிரம்பும் இல்லை. அவரிடம் அஞ்ச வேண்டியதில்லை.

நாலந்தா நமக்கு நெடுந்தொலைவு. ஆனால் இதே உண்மையை, ஆராய்ச்சி என்ற பெயர் இல்லாமலேயே, மதுரையின் தென்பகுதியில் உள்ள எங்கள் வில்லாபுரத்தில் நான் கண்டிருக்கிறேன். கொரோனாப் பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட நம் பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் மீண்டும் திறந்தன. ஏறக்குறைய 19 மாதங்கள்! அவனியாபுரம் சாலையிலிருந்து பிரியும் எங்கள் குறுந்தெருக்களில், பெற்றோர் பலர் தினக்கூலிக்குச் செல்பவர்கள். பகலெல்லாம் பிள்ளைகள் பூட்டிய வீட்டுக்குள் கைப்பேசியோடு இருந்தார்கள். கைப்பேசி இல்லாதவர்கள் சும்மா இருந்தார்கள். தெருவில் பம்பரமும் இல்லை, கிட்டிப்புள்ளும் இல்லை. பேச்சுக் குறைந்துபோன பிள்ளைகளை அப்பொழுது நான் கண்டேன். எதற்கெடுத்தாலும் சினந்து விழுகிறான், இரவில் உறங்கமாட்டேன் என்கிறாள் என்று தாய்மார்கள் தண்ணீர்க் குழாயடியில் சொல்லிக்கொண்டார்கள்.

அந்நிலையில் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தை மாநில அரசு தொடங்கியது. 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். மாலையில் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம். ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். மாநிலம் முழுவதும் 2 லட்சம் அளவில் தன்னார்வலர்கள் முன்வந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாடியில் பாய் விரித்து அது நடந்தது. விட்டுப்போன பாடத்தை ஈடுசெய்யவே திட்டம் வகுக்கப்பட்டது. ஆனால் அந்த மாடியில் முதலில் நடந்தது பாடம் அன்று. முதல் சில வாரங்கள் பாட்டும் கதையும் விடுகதையுமாகவே கழிந்தன. வெவ்வேறு பள்ளிகளில் படித்த பிள்ளைகள், ஒரே தெருவில் இருந்தும் ஒருவரையொருவர் அறியாதிருந்தவர்கள், ஒரே பாயில் அமர்ந்தார்கள்.

நான் கூர்ந்து கவனித்தது ஒன்று உண்டு. அங்கே பாடம் சொன்ன பெண்ணை எந்தப் பிள்ளையும் 'டீச்சர்' என்றோ 'மிஸ்' என்றோ அழைக்கவில்லை. 'அக்கா' என்றே அழைத்தார்கள். அவர் மூன்று வீடு தள்ளி இருந்தவர். எந்தப் பிள்ளையின் வீட்டில் முதல்நாள் இரவு சண்டை நடந்தது என்பதை அவர் விசாரித்து அறிய வேண்டியதில்லை. சுவரைத் தாண்டி ஓசை கேட்டிருக்கும். மறுநாள் மாலை அந்தப் பிள்ளையிடம் அவர் ஒன்றும் கேட்கமாட்டார். கதையில் வரும் சிங்கமாகவோ முயலாகவோ அதை நடிக்கச் சொல்லுவார். வாயே திறவாதிருந்த ஒரு சிறுவன், சிங்கமாக உறுமத் தொடங்கியபின் சிறிது சிறிதாகச் சிறுவனாகவும் பேசத் தொடங்கினான். பீகாரில் மித்ரா என்று பெயரிட்டு அமர்த்தியதை, எங்கள் தெருப் பிள்ளைகள் அக்கா என்ற ஒரு சொல்லால் தாமே அமைத்துக்கொண்டார்கள்.

சேர்ந்து உண்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே. 1956-ல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது நம் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. காலைச் சிற்றுண்டித் திட்டமோ 2022 செப்டம்பர் 15-ஆம் நாள், எங்கள் மதுரையிலேயே, சிம்மக்கல்லை அடுத்த ஒரு மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் தொடங்கி வைக்கப்பட்டது. பசித்த பிள்ளை சிடுசிடுக்கும் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. முதல் மணி அடிக்குமுன் வரிசையாக அமர்ந்து உண்ணும் அந்த நேரத்தில், யார் வரவில்லை, யார் உண்ணாமல் அளைந்துகொண்டிருக்கிறான் என்பது பரிமாறும் அம்மாவின் கண்ணில்தான் முதலில் படும். அவர் கையிலும் மதிப்பெண் இல்லை!

அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் கலைத் திருவிழாக்கள் நடந்தன. 2024-ல் 'மகிழ் முற்றம்' என்ற ஏற்பாடு வந்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று மாணவரைக் குழுக்களாக்கினார்கள். ஐந்திணையை இலக்கண வினாவாக மட்டும் அறிந்த பிள்ளைகளுக்கு, "நான் நெய்தல், நீ முல்லை" என்று சொல்லிக்கொள்ள வாய்த்தது இனிய செய்தி. வகுப்பு வேறுபாடின்றிக் குழு அமைந்தால் ஆறாம் வகுப்புச் சிறுவனுக்கு ஒன்பதாம் வகுப்பில் ஓர் அண்ணன் கிடைக்கிறான். இவற்றிலே எனக்கு ஓர் ஐயமும் உண்டு. பரிசு என்ற ஒன்று நடுவே வந்து அமர்ந்துவிட்டால், நன்றாக ஆடுபவள் ஒருத்தி ஆடுவாள். மற்றவர்கள் கைதட்டும் கூட்டமாகிவிடுவார்கள். யாருக்கு இந்தச் செயல் மிகுதியும் வேண்டியதோ, அந்தப் பின்வரிசைப் பிள்ளை அன்றும் பின்வரிசையிலேயே இருக்கும். ஆகவே தனி நடனத்தைவிட நாடகமே மேல் என்பேன். நாடகத்தில் திரையிழுக்க ஒருவன் வேண்டும். முகத்துக்கு வண்ணம் பூச ஒருத்தி வேண்டும். வசனம் மறந்தவனுக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொடுக்க ஒருவன் வேண்டும். திரையிழுப்பவன் வராவிட்டால் நாடகமே இல்லை. தான் வராவிட்டால் குறை தோன்றும் என்று நான் முன்பு சொன்னது இதைத்தான்.

கல்லூரி மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். 1969-ல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் உங்களில் பலர் சேர்ந்திருப்பீர்கள். ஏழு நாள் முகாமில் ஒரு கோவிலைச் சுற்றிச் சுத்தம் செய்துவிட்டுத் திரும்புவது நல்லதே. புல் மீண்டும் முளைத்துவிடும். அதோடு, அருகிலுள்ள ஒரு பள்ளியைத் தேர்ந்து, தலைமையாசிரியரின் ஒப்புதலோடு, வாரம் இரண்டு மாலை என்று ஓராண்டு முழுவதும் செல்லுங்கள். பிள்ளைகளோடு ஒரு சுவர்ப் பத்திரிகை நடத்துங்கள். நாலந்தாவில் மித்ராக்களின் பணியை இரண்டாம் ஆண்டும் தொடர்ந்தபோது பயன் இன்னும் பெருகியதாக, 2020-ல் வெளிவந்த மற்றோர் அறிக்கை கூறுகிறது. முதல் மாதத்தில் ஒன்றும் நடக்கவில்லையே என்று மனந்தளர்ந்து விலகிவிடாதீர்கள்.

பள்ளியில் படிக்கும் நீங்களும் ஒருவருக்கொருவர் அஞ்ச வேண்டாதவர்களாக இருக்கலாம். ஆனால் இதில் ஓர் எல்லை உண்டு. தோழன் ஒருவன் தனியே அழைத்து, "யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய், ஒன்று சொல்கிறேன்" என்றால், அந்தச் சத்தியத்தை மட்டும் செய்யாதீர்கள். "நீ சொல்வதை முழுதும் கேட்பேன். உன் உயிருக்கோ உடம்புக்கோ தீங்கு என்றால், நாம் இருவரும் சேர்ந்து பெரியவர் ஒருவரிடம் சொல்வோம்" என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். ஒருவர் தன்னைத் தகாத முறையில் தொடுகிறார் என்றோ, வாழவே பிடிக்கவில்லை என்றோ அவன் சொன்னால், அதை உங்கள் தோளில் மட்டும் சுமக்காதீர்கள். அன்றைக்கே சொல்லவேண்டியவரிடம் சொல்லிவிடுங்கள். அவனைத் தனியே விட்டுவிட்டும் போகாதீர்கள். நம்பிச் சொல்லத்தக்க பெரியவர் உடனே கிட்டவில்லையென்றால், குழந்தைகளுக்கான உதவி எண் 1098. மனநல உதவிக்கென 2022 முதல் நாடு முழுவதும் இயங்கும் எண் 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை, இரவிலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.